கச்சான் கிளம்பிய பகல்

"வானத்துல ரோடா கெடக்கு? வழி எப்பிடித் தெரியும் மக்களே?"

விமானப் பயிற்சியில் சேர்ந்த முதல் மாதம், இரண்டு நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். முற்றத்தில் கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டே அப்பா கேட்டார். படித்ததை அப்படியே சொன்னேன். வரைபடத்தில் புறப்படும் இடத்துக்கும் போகும் இடத்துக்கும் ஒரு கோடு போடுவோம். அதன் திசையை டிகிரியில் அளப்போம். காற்று எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் வரும் என்று வானிலைக்காரர்கள் சொல்வார்கள். அது தள்ளும் அளவுக்கு விமானத்தின் மூக்கை எதிர்ப்பக்கம் திருப்பி வைப்போம். அப்புறம் கடிகாரம்தான். இத்தனாவது நிமிஷம் இந்த ஆறு, இத்தனாவது நிமிஷம் இந்தக் குளம் கீழே வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ பிழை.

அப்பா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இது நாங்க செய்யுறதுதானாக்கும்" என்றார்.

எங்கள் ஊர் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு கடலோர ஊர். அப்பாவின் வள்ளத்தில் இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது. ஆனாலும் மீன் சேரும் பாறைப் பார்களுக்கு அவர் போவது கணியம் பார்த்துத்தான். கரையைத் திரும்பிப் பார்த்தால் எங்கள் கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் வேளிமலையின் ஒரு உச்சியும் ஒரே நேரில் நிற்க வேண்டும். கிழக்கே பார்த்தால் முட்டம் விளக்கும் மருத்துவாழ்மலையும் ஒன்றின்மேல் ஒன்றாக வர வேண்டும். இரண்டு நேரும் வெட்டிக்கொள்கிற இடத்துக்குக் கீழேதான் அந்தப் பாறைப் பார் இருக்கும். கடலில் அடையாளமே கிடையாது என்று நினைப்பவர்களுக்கு இது அதிசயமாகத் தெரியும். எங்கள் ஊரில் பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் நாலைந்து கணியம் தெரியும். எனக்கும் தெரியும். அப்பா என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனதில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டைப் பாராகவும் உப்புக் கிண்ணத்தை விளக்காகவும் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

நான் இங்கே எழுத வந்தது ஒரு பறத்தலைப் பற்றி. நம் நாட்டில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப்பொறுப்பும் நம் கையில் இருந்திருக்க வேண்டும். கிராஸ் கன்ட்ரி என்று நாங்கள் சொல்லும் ஊர் விட்டு ஊர் போகும் பறத்தல் மட்டும் 50 மணி நேரம். அந்த ஐம்பதுக்குள் ஒன்று தனி: 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாத தூரம், அதாவது 555 கிலோமீட்டர், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி, முழுக்க நிறுத்தி, மறுபடியும் கிளம்ப வேண்டும். பயிற்சி மாணவர்கள் அதை 'முந்நூறு' என்றே சொல்வோம். "உன் முந்நூறு முடிஞ்சாச்சா?" என்பதுதான் ஹாஸ்டலில் கேட்கிற கேள்வி.

என் முந்நூறு, திருவனந்தபுரத்திலிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு மேலாகவே திரும்பித் திருவனந்தபுரம். கணக்கில் 312 மைல். அந்த வழியில் போனால் எங்கள் மாவட்டத்தை இரண்டு முறை கடக்க வேண்டும். வழி முடிவானதும் எனக்கு அது மட்டும்தான் மனதில் நின்றது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. விமானம் என்றாலே எங்களுக்குத் திருவனந்தபுரம்தான். வளைகுடாவுக்குப் போகிறவர்களை வழியனுப்ப ஊரே வேன் பிடித்துப் போகும் இடம். அண்ணன் குவைத்துக்குப் போனதும் அங்கிருந்துதான். 1932-ல் அந்த விமானத்தளம் தொடங்கியபோது எங்கள் ஊர்களும் திருவிதாங்கூரில்தான் இருந்தன. 1935-ல் டாடாவின் சிறு விமானம் பம்பாயிலிருந்து தபாலோடு அங்கே இறங்கியிருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். ஆனால் கடற்கரையில் கோடு எதுவும் இல்லை. வானத்திலிருந்து பார்த்தால் பூவாறும் நீரோடியும் ஒரே மணல்தான்.

ஒரு மீனவர் வீட்டுப் பெண் ஏன் இதற்குப் போனாள் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். காசு எப்படி வந்தது என்றும் கேட்பார்கள். அண்ணனின் சம்பளம், அம்மாவின் நகை, பேங்க் லோன், அவ்வளவுதான். ஏன் என்பதற்குப் பதில் 2017 நவம்பர் 29 ராத்திரி. ஓகி புயல். அப்பா அன்று சாயங்காலம் போனவர். மறுநாள் மதியம் எஞ்சின் செத்துப்போன வள்ளத்தோடு வேறொரு ஊர்க் கரையில் ஏறினார். தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போயிருந்த விசைப்படகுக்காரர்கள் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. எங்கள் தெருவிலும் ஒரு வீட்டுக்கு ஆள் வரவில்லை. நான் அப்போது பிளஸ் டூ. குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது அம்மாவோடு நானும் இருந்தேன். தேடுங்கள், இன்னும் தூரமாகப் போய்த் தேடுங்கள் என்பதுதான் அங்கே எல்லாருடைய வாயிலும். கடற்படை, கடலோரக் காவல்படை விமானங்கள் தேடுகின்றன என்று செய்தி வரும். சத்தம் கேட்டால் கரையில் நிற்கிற பெண்கள் எல்லாரும் மேலே பார்ப்பார்கள். அந்த விமானத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அந்த எண்ணம் பிறகு என்னை விடவில்லை.

ஐந்து வருஷம் கழித்து ஒரு செப்டம்பர் கடைசியில் என் முந்நூறு வந்தது. முந்தின நாள் ராத்திரி வரைபடத்தை விரித்து மறுபடியும் கோடுகளைச் சரிபார்த்தேன். திருவனந்தபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஸ்கேல் வைத்து நேர்க்கோடு போட்டால் அது அகத்தியர் மலைக்காடுகள் மேல் போகும். அகத்தியர் கூடம் 1,868 மீட்டர். அடியில் சொன்னால் 6,100-க்கு மேல். செப்டம்பரில் அந்த மலைகளில் மேகம் விலகாது. ஒரே எஞ்சின் உள்ள செஸ்னா 172-ஐ அதற்குமேல் கொண்டுபோக எந்த இன்ஸ்ட்ரக்டரும் விடமாட்டார். அதனால் தெற்கே சுற்றிக் குமரி முனை வழி. அங்கேயும் கண்டபடி போக முடியாது. கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒதுக்க வேண்டும். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனைக்கூடம். அதையும் ஒதுக்க வேண்டும். இன்ஸ்ட்ரக்டர் இரண்டையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, "இதுக்கு நடுவுல உனக்கு ஒரு சந்து இருக்கு, அந்தச் சந்துல போ" என்றார். அந்தச் சந்து ராதாபுரம் பக்கம். போகும்போது கடலோரமாகக் குமரி முனை வரை வந்து, அந்தச் சந்து வழியாக வடகிழக்கே ஏற வேண்டும். திரும்பும்போது ராதாபுரத்திலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் ஓரமாக நாகர்கோவில், தக்கலை என்று உள்நாட்டு வழி. எட்டு மைல் மிச்சம்.

வீட்டுக்குப் போன் செய்தேன்.

"காலைல எட்டு மணி வாக்குல ஊருக்கு மேல போவேன்பா. கடலோரமா."

"நான் கடல்லதான் கெடப்பேன். பாக்கேன்."

"திரும்பி வரும்போ பாக்க முடியாது. ஆரல்வாய்மொழி வழி. பன்னெண்டு பன்னெண்டே காலுக்கு நாகர்கோயில் பக்கம்."

"செரி. பைய போ மக்களே" என்றார். அம்மா போனை வாங்கி, சாப்பிட என்ன கொண்டுபோகிறாய் என்று பத்து நிமிஷம் கேட்டாள்.

காலையில் ஏர் டிஃபென்ஸ் க்ளியரன்ஸ் எண்ணும், எஃப்.ஐ.சி. என்கிற விமானத் தகவல் மையத்தின் எண்ணும் வாங்கினேன். இந்த இரண்டும் இல்லாமல் சின்ன விமானம்கூட ஊர் விட்டு ஊர் நகர முடியாது. வானிலைக் குறிப்பில் மேற்குக் காற்று 12 நாட் என்று இருந்தது. மணிக்கு ஒரு நாட்டிகல் மைல் வேகம் ஒரு நாட். பெட்ரோல் டேங்க் இரண்டையும் குச்சி விட்டுப் பார்த்தேன், நிறைய இருந்தது. ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் பறக்கலாம். எனக்குத் தேவை மூன்றரை. ரன்வே 32-ல் கிளம்பி, இடப்பக்கம் திரும்பினால் சங்குமுகம் கடற்கரை. பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் வருஷத்துக்கு இரண்டு முறை இதே ரன்வேயைக் கடந்துதான் அந்தக் கடற்கரைக்குப் போகும். அன்று சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். வேறெந்த ஊரிலும் இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கடற்கரைக்கு மேல் தனியாகத் திரும்பும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்வலம் நினைவு வரும்.

3,500 அடியில் விமானத்தை நிலைப்படுத்தினேன். கோவளம், விழிஞ்ஞம், நெய்யாறு கடலில் சேரும் பூவாறு. அப்புறம் நீரோடி. அங்கிருந்து எங்கள் மாவட்டம். வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று கடலை ஒட்டி ஊருக்கு ஒரு கோயிலாக வரிசையாக வெள்ளைக் கோபுரங்கள். ஊருக்கும் கடலுக்கும் நடுவே கருங்கல் போட்ட தடுப்பு. மேலிருந்து பார்த்தபோதுதான் கடல் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது என்று புரிந்தது. சில இடங்களில் மணலே இல்லை. கல், உடனே வீடு. தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கலங்கல் நிறத்தில் கடலுக்குள் நீண்டிருந்தது. பிறகு குளச்சல்.

எங்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. கோயில் தெரிந்தது, அதற்கு வடக்கே இரண்டு தெருவும் தென்னையும் தெரிந்தன. எது எங்கள் கூரை என்று தெரியவில்லை. கடலில் வள்ளங்கள் அரிசி கொட்டினதுபோல் கிடந்தன; அதில் எது அப்பாவுடையது என்று எப்படிச் சொல்ல? அன்றைக்குக் கரையில் நின்ற பெண்கள் மேலே பார்த்தபோது மேலே இருந்தவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இயந்திரத்தோடு, வெள்ளை நிறத்தோடு, பட்டப்பகலில் மிதக்கிற வள்ளமே அரிசிமணி. அலைக்குள் கழுத்துவரை மூழ்கிக் கிடக்கிற ஒரு ஆளின் தலை? நான் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துவிட்டேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, குளச்சல் 7:57 என்று தொடையில் கட்டியிருந்த தாளில் எழுதினேன். திட்டத்தில் 7:59.

வேளிமலை இடப்பக்கம். அப்பாவின் கணியத்தில் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு பல்போல் நிற்கிற உச்சி, மேலிருந்து பார்த்தால் நீண்ட முதுகாகக் கிடந்தது. மணக்குடிக் காயல், பழையாறு, உப்பளம், அப்புறம் குமரி முனை. விவேகானந்தர் பாறையும் பக்கத்தில் 133 அடி வள்ளுவரும். அங்கே எழுதிய நேரம் திட்டத்துக்கு நான்கு நிமிஷம் முந்தி. தூத்துக்குடியில் சக்கரம் தரை தொட்டபோது ஆறு நிமிஷம் முந்தி.

காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கிறது, அதுவும் 12 நாட்டுக்கு நன்றாகவே கூடுதலாக. அந்த ஆறு நிமிஷம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை அப்போதே பயமாக எடுத்திருக்க வேண்டும்.

தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது. அப்போது ரன்வே 1,350 மீட்டர்தான். டவரில் இருந்தவர் வழக்கப்படி ஆங்கிலத்தில் எல்லாம் சொல்லி முடித்து, தாளில் கையெழுத்து வாங்க மேலே போனபோது, "எந்த ஊரும்மா?" என்றார். குளச்சல் பக்கம் என்றேன். "வர்ற வழியில வீட்டைப் பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றுதான் சொன்னேன்.

மதுரை வரை சொல்ல ஒன்றுமில்லை. 67 மைல், நேர் வடக்கு, தட்டைப் பூமி, நூல் பிடித்ததுபோல் நாலுவழிச் சாலை. மதுரையில் நிறுத்தி இறங்கியதும் ஒரு பாதுகாப்புக் காவலர் விமானத்தைச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "கூட வந்தவங்க எங்க பாப்பா?" யாரும் இல்லை, நான்தான் என்றதும் அவர் தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றித் தந்தார். அம்மா வற்புறுத்தி வாங்கவைத்திருந்த ஏத்தம்பழம் இரண்டையும் இறக்கை நிழலில் நின்று சாப்பிட்டேன்.

அங்கே உட்கார்ந்து திரும்பும் கணக்கைத் திருத்தினேன். 12-ஐ அடித்து 15 என்று போட்டேன். போதும் என்று பட்டது. இன்ஸ்ட்ரக்டருக்குப் போனில் சொன்னேன். பெட்ரோல் எவ்வளவு, மேகம் எவ்வளவு என்று கேட்டார். பிறகு, "கணவாய்ப் பக்கம் போனதும் உன் தாளை நம்பாதே, வெளிய பாரு. பிடிக்கலேன்னா தூத்துக்குடிக்குத் திரும்பு. யாரும் உன்னை ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்றார். பயணிகள் விமானங்கள் இரண்டுக்கு வழிவிட்டு 11:05-க்குக் கிளம்பினேன். திட்டத்துக்கு இருபது நிமிஷம் பிந்தி.

தூத்துக்குடிக்கு மேலே வந்தது 11:50. 4,500 அடி. அதுவரை கணக்கு ஒழுங்காகவே இருந்தது. அங்கிருந்து தென்மேற்கே திரும்பினேன். தாமிரபரணி தாண்டியது. பதினைந்தாவது மைலில் தேரிக்காடு இடப்பக்கம் தூரத்தில் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். நம் பக்கத்துச் செம்மணல் மேடு மேலிருந்து பார்த்தால் வேறெதோடும் குழம்பாது, ரத்தச் சிவப்பு. அது தூரத்தில் இல்லை. இறக்கைக்குக் கீழேயே, பனைமரங்களை எண்ணுகிற பக்கத்தில் வந்துவிட்டது. போட்ட கோட்டிலிருந்து இரண்டு மைல் கடல் பக்கமாக நகர்ந்திருக்கிறேன்.

எங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: அறுபது மைல் போனபின் ஒரு மைல் விலகியிருந்தால் ஒரு டிகிரி பிழை. பதினைந்து மைலில் இரண்டு மைல் என்றால் அறுபதுக்கு எட்டு. எட்டு டிகிரி. பழைய கோட்டுக்குத் திரும்ப அதன் இரண்டு மடங்கு, 16 டிகிரி வலப்பக்கம் திருப்ப வேண்டும். இன்னும் பதினைந்து மைல் போனால் கோட்டில் சேர்ந்துவிடுவோம். அப்போது அதில் எட்டைக் குறைத்துக்கொண்டால் மறுபடி நகராது. வகுப்பில் கரும்பலகையில் பத்து முறை போட்ட கணக்கு. அங்கே கையில் பென்சில் நடுங்கியது. காரணம் எட்டு டிகிரி இல்லை. இப்படியே விட்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் நான் போயிருக்கக்கூடிய இடம். கூடங்குளத்தின் சிவப்பு வட்டம் அந்தப் பக்கம்தான் இருந்தது.

வலப்பக்கம் திருப்பினேன். அந்த எட்டு டிகிரி இன்னொன்றையும் சொன்னது: காற்று 15 நாட் இல்லை, 30-க்குப் பக்கம்.

ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற இடத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அரபிக்கடலிலிருந்து வரும் மேற்குக் காற்று, எங்கள் ஊர்ப் பேச்சில் கச்சான், மலையில் முட்டி, ஏற முடியாமல், அந்த வாசலைத் தேடி ஒதுங்கி, நெருக்கியடித்து உள்ளே புகும். அகலமான ஆறு குறுகின மதகில் பாய்கிற வேகம்தான். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற பஸ்ஸில் முப்பந்தல் வந்ததும் கண்டக்டர் கதவை இழுத்துச் சாத்துவார். பெண்கள் முந்தானையை இறுக்கிக்கொள்வார்கள். அந்தக் காற்றை நம்பித்தான் அத்தனை காற்றாலைகள். வானிலைப் பாடத்தில் இதையெல்லாம் பெயரோடு படித்தோம். மலையைத் தாண்டி இறங்குகிற காற்று, மறுபக்கத்தில் பாறைக்குக் கீழே ஆற்று நீர் சுழிப்பதுபோல் சுழிக்கும். மலைக்கு அந்தப் பக்கமிருந்து, காற்றை எதிர்த்து, சின்ன விமானத்தில் வருகிறவர் முதலில் அந்தச் சுழிப்புக்குள்தான் நுழைய வேண்டும். நான் அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன்.

ராதாபுரம் தெரிகிற தூரத்தில் காற்றாலைக் கூட்டம் தொடங்கியது. கீழே நூற்றுக்கணக்கில் வெள்ளைக் கம்பங்கள். ஒன்றுவிடாமல் எல்லாம் மேற்கே முகம் திருப்பி நின்றன. இறக்கைகள் சுற்றுகிற வேகம் அங்கிருந்தே தெரிந்தது. மதுரையில் வாங்கிய காகிதத்தைவிட அவை தெளிவாகப் பேசின.

முதல் உதை அங்கேதான் வந்தது. விமானம் கீழிருந்து யாரோ எடுத்து எறிந்ததுபோல் எழும்பி, அடுத்த நொடி இருக்கை விழுந்தது. தலை கூரையில் இடித்தது. வரைபடம் காலடியில் ரடர் பெடலுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது, எடுக்கக் குனியவில்லை. வேகத்தை 95 நாட்டுக்குக் கீழே கொண்டுவந்தேன். கொந்தளிப்பில் வேகமாகப் போனால் அடி முழுக்க இறக்கைக்கு. உயரம் முந்நூறு அடி போய், வந்து, மறுபடி போனது. உயரத்தைத் துரத்தாதே, இறக்கையை மட்டமாக வைத்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னேன், தமிழில்.

முன்னால் மகேந்திரகிரியின் தலையில் சாம்பல் மேகம் உட்கார்ந்திருந்தது. அதன் தெற்கு ஓரம் கணவாய்க்கு மேல் கிழிந்து கிழிந்து வந்துகொண்டிருந்தது. கணவாயின் அந்தப் பக்கம் தோவாளை, அதற்கப்பால் நாகர்கோவில், பதினாறு மைலில் வெயில் அடிக்கிற எங்கள் வயல்கள். பார்த்தால் திறந்த வாசல்தான். இன்னும் ஐந்தாறு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் தாண்டிவிடலாம் என்று ஒரு குரல். அந்தக் குரலை நான் மறக்கவில்லை, ஏனென்றால் அது ரொம்ப நியாயமாகப் பேசியது.

காற்றை எதிர்த்து அந்த வாசலுக்குள் போனால் தரைவேகம் எழுபதுக்கும் கீழே போகும். சுழிப்புக்குள் இருக்கும் நேரம் கூடும். அதற்குள் மேகம் இறங்கினால் திரும்ப இடம் குறைவு. ஒரு பக்கம் மலை. கடலோரம் போனால் எட்டு மைல் கூடுதல், ஆனால் காற்றைக் கெடுக்க அங்கே மலை இல்லை. கடலிலிருந்து வருகிற காற்று பலமாக இருக்கும், ஒழுங்காகவும் இருக்கும். பெட்ரோல் இன்னும் பாதிக்குமேல்.

கணவாயை விட்டுவிட்டு இடப்பக்கம், தெற்கே திரும்பினேன். கூடங்குளத்தின் வெள்ளைக் குவிமாடங்கள் கடலோரத்தில் இடப்பக்கம் தெரிந்தன. அவற்றைக் கண்ணை விட்டு எடுக்காமல், வட்டத்துக்கு வெளியே அஞ்சுகிராமத்துக்கு மேலாகப் போனேன். திருவனந்தபுரத்துக்கு வழி மாற்றியதையும் புதிய நேரத்தையும் சொன்னேன். காதில் வந்த குரல் மறுகேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு சொல் அவ்வளவு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

முனையைச் சுற்றியதும் உதை நின்றது. நின்றது என்றால் முழுக்க நின்றது. பஸ் செம்மண் ரோட்டிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறினதுபோல். ஆனால் விமானம் நகர்கிறதா என்றே சந்தேகம். வள்ளுவர் சிலை இறக்கைக்குக் கீழே அசையாமல் நின்றது. காலையில் இரண்டு நிமிஷத்தில் தாண்டின மணக்குடி இப்போது வரவே மாட்டேன் என்றது. கடல் முழுக்க வெள்ளைப் பூ. காலையில் அரிசி கொட்டினதுபோல் கிடந்த வள்ளங்கள் ஒன்றும் இல்லை. காற்று எழும்பியதும் எல்லாம் கரைக்கு ஓடியிருந்தன. முட்டத்துக்கு மேற்கே ஒரே ஒரு வள்ளம் மட்டும், மூக்கைக் காற்றுக்குக் கொடுத்து நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் பழுதோ என்று நினைத்தேன். இறக்கையை லேசாகச் சாய்த்துப் பார்த்தேன். கரைக்குப் பக்கம்தான், ஆபத்து மாதிரித் தெரியவில்லை. நேரத்தை எழுதினேன். 12:41.

திருவனந்தபுரத்தில் இறங்கி விமானத்தைக் கட்டிப்போட்டபோது முட்டி இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. இன்ஸ்ட்ரக்டர் தாளை வாங்கி, வரி வரியாகப் படித்து, பதினைந்தாவது மைல் குறிப்பில் விரலை வைத்து நின்றார். பிறகு ராதாபுரத்தில் விரலை வைத்தார். "இங்க ஏன் திரும்பினே?" என்றார். காற்றாலைகளைப் பார்த்தேன் என்றேன். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். மூன்று மணி நாற்பது நிமிஷம்.

வீட்டுக்குப் போன் செய்தபோது அம்மா எடுத்தாள். அப்பா இன்னும் கரை ஏறவில்லை, எல்லா வள்ளமும் வந்துவிட்டது, இந்த மனுஷனுக்கு மட்டும் என்ன சோலியோ என்று பொருமினாள். எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. மறுபடி இரண்டரைக்கு அவரே கூப்பிட்டார்.

"ஏன்பா அவ்வளவு நேரம் கெடந்தீங்க? காத்து எப்பிடி அடிச்சுது!"

"நீ போவல்லியே இன்னும்."

"நான்தான் திரும்பி ஆரல்வாய்மொழி வழின்னு சொன்னேனே. கடலுக்கு மேல வரமாட்டேன்னு சொன்னேனே."

"நீ சொன்ன. பதினோரு மணிக்குக் கச்சான் கெளம்பிற்று மக்களே. இப்பிடி அடிச்சா எவளாவது ஆரல்வாய்மொழி வழி வருவாளா? கடல் வழியாத்தான் வருவேன்னு நின்னேன்."

பின்னால் அம்மா, சோறு ஆறுகிறது என்று கத்தினாள்.

"றெக்கய சாய்ச்சியே, அது எனக்கா?" என்று கேட்டார் அப்பா.